மல்லிகா என்ற பெயரில் என் ரத்தம்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஏழு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர் என் முன்னால் கையை நீட்டுவார்கள். 'பயப்படாதீங்க' என்று அவர்களிடம் சொல்லியே பழகிய வாய் எனக்கு. ஆனால் என் உடம்பில் நடந்ததை எண்பது நாள் யாரிடமும் முழுசாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது தேறிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தி இருந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் பெயர் ஷமீமா. வயது இருபத்தெட்டு. வீட்டுக்காரர் காதர் மினி லாரி வைத்திருக்கிறார். திராட்சையும் வாழைக்காயும் ஏற்றிக் குமுளி தாண்டிக் கொண்டுபோய் இறக்குவார். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஆயிஷாவுக்கு நான்கு வயது. சின்னவள் ரிஸ்வானாவுக்கு அப்போது ஒன்பது மாதம். இரண்டுமே ஆபரேஷன். சின்னவள் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய் இரண்டு நாள் என்னைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்கு அடுத்த பிள்ளை கூடாது, தையல் தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதைக் காதரும் கேட்டார், அவருடைய அம்மாவும் கேட்டார். மாமிக்கு அது மனதில் தங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "அடுத்தது பையனாத்தான் இருக்கும், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் அந்த ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற கருத்தடை ஊசி. மாத்திரை என்றால் தினமும் நினைவு வைத்து விழுங்க வேண்டும், அட்டையை எங்காவது ஒளிக்க வேண்டும். ஊசியைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கும் தடையில்லை என்றார்கள். காதரிடம் சொன்னேன், சரி என்றார். மாமியிடம் சொல்ல வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். பிப்ரவரி தொடக்கத்தில், நோன்பு பிறக்க இரண்டு வாரம் இருக்கையில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன்.

அந்த நர்ஸ் எதையும் மறைக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். "மொத மூணு நாலு மாசம் ஒழுங்கா வராதும்மா. சில பேருக்கு அங்கங்க படும், சில பேருக்குச் சொட்டிக்கிட்டே இருக்கும், சில பேருக்கு வராமலே போயிரும். பயப்பட வேண்டியதில்ல. ஆனா எட்டு நாளைக்கு மேல அதிகமாப் போனாலோ, எப்பவும் போறத விட ரெண்டு பங்கு போனாலோ ஒடனே இங்கன வந்துரணும்" என்றார். நானோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று. அவர் சொன்னதில் "பயப்பட வேண்டியதில்ல" மட்டும் என் காதில் நின்றது.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. முதலில் பழுப்பாக ஒரு கறை. மூன்று நாள் இருந்து நின்றது. நான்கு நாள் எதுவுமில்லை. பிறகு ஆறு நாள். ஒருநாள் விட்டு மறுபடியும். இதற்குள் நோன்பு பிறந்துவிட்டது. மாதவிலக்கு நாட்களில் எங்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அதைத் தாண்டிப் போகிற ரத்தம் நோயில் சேர்த்தி. கை, கால், முகம் கழுவி ஒளு செய்துகொண்டு தொழலாம், நோன்பும் வைக்கலாம். மதரஸாவிலேயே படித்ததுதான். ஆனால் விட்டு விட்டு வருகிற இதில் எது வழக்கம், எது நோய் என்று எந்தக் கணக்கில் பிரிப்பது? யாரிடமாவது கேட்கலாம் என்றால் ஊசியைச் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டில் மருமகள் எத்தனை நாள் தொழவில்லை என்பது மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது. மாமி எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பிறகு நான் ஒரு வேலை செய்தேன். தொழுகை நேரம் வந்தால் அறைக்குள் போய்ப் பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தொழவில்லை. உட்கார்ந்து மட்டும் இருந்தேன். வெளியே மாமி சின்னவளைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்கும். பத்து நிமிடம் போனதும் எழுந்து வருவேன். என் வாழ்க்கையில் அதைப்போல வெட்கமான பத்து நிமிடங்கள் இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு சொட்டாக இருந்த ரத்தம் கட்டி கட்டியாகப் போக ஆரம்பித்தது. லேபில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போனேன். கருப்புச் சேலை, கருப்புப் பாவாடை, கருப்பு சுடிதார் என்று எல்லாமே கருப்பாயிற்று. காதர் கேட்டபோதெல்லாம், "ஊசி போட்டா அப்படித்தானாம்" என்றேன். அவர் நம்பினார். நான் ரத்தம் பார்க்கிறவள் அல்லவா, எனக்குத் தெரியாதா என்று நினைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. செல்போனில் தேடிப் பார்த்தேன். ஊசியின் பக்க விளைவு என்று ஒரு வரி இருந்தால், அதற்குக் கீழே கட்டி, தொற்று, புற்றுநோய் என்று வரிசை. ஊசிக்கு முன்பே உள்ளே ஏதாவது இருந்து, இப்போது இந்த ஊசியின் பெயரில் அது மறைந்துகொண்டு வளர்ந்தால்? மாத்திரை என்றால் நிறுத்தலாம். உடம்புக்குள் போன ஊசியை எப்படி வெளியே எடுப்பது? மூன்று மாதம் அது பாட்டுக்கு இருக்கும். இதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போயிருக்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒரு மதியம், லேப் ஓனர் ஜெயராஜ் அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம், என் இடது கையில் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி நானே ரத்தம் எடுத்தேன். ஊதா மூடி போட்ட டியூபில் பெயர் எழுத வேண்டும். மல்லிகா, வயது 32 என்று எழுதினேன். யோசித்து எழுதியது இல்லை. வாயில் வந்த பெயர். ஹீமோகுளோபின் பத்து புள்ளி நான்கு. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற சிவப்புச் சத்துக்குப் பெயர்தான் ஹீமோகுளோபின். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். பத்துதானே, எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி மல்லிகா. எட்டு புள்ளி ஒன்பது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்கினேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. சின்னவளை இடுப்பில் தூக்கினால் கண் முன்னால் பொட்டுப் பொட்டாகப் பறந்தது.

மே மாதம் முதல் வாரத்தில் மூன்றாவது முறை எடுத்தேன். மெஷின் துப்பிய தாளில் ஏழு புள்ளி இரண்டு என்று இருந்தது. அதை மடித்து உறைக்குள் வைப்பதற்குள் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது தாள் ஜெயராஜ் அண்ணன் கையில் இருந்தது.

"ஆத்தா, இந்த மல்லிகா யாரு? ஏழு ரெண்டு இருக்கே. போன் போட்டுச் சொல்லிட்டியா?"

"நம்பர் குடுக்கலண்ணே."

"எந்த ஊரு?"

"தெரியலண்ணே. அவசரமாப் போயிருச்சு."

அவர் கம்ப்யூட்டரில் பழைய கணக்கைத் திறந்து பார்த்தார். "மூணாந் தடவையா வந்திருக்கு. பத்து நாலு, எட்டு ஒம்போது, ஏழு ரெண்டு. இப்பிடி எறங்கிக்கிட்டே வர்ற பொம்பளைய நம்பர் வாங்காம அனுப்பிட்டியா? ஏழு வருசத்துல நீ ஒரு ஆளுக்கும் நம்பர் விட்டதில்லையே."

அவர் பார்வை என் இடது முழங்கையில் போய் நின்றது. பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரியை நான் எடுக்க மறந்திருந்தேன்.

நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "கண்ணுக்குக் கீழ எறக்கிக் காட்டு" என்றார். கீழ் இமையை இறக்கிக் காட்டினேன். ரத்தம் இல்லாவிட்டால் உள்பக்கம் வெளுத்திருக்கும். என் கண்ணை நானே பார்க்க முடியாது. அவர் முகத்தைப் பார்த்தேன், போதுமாக இருந்தது.

"எத்தன நாளா?"

"எம்பது நாளாண்ணே."

"ஏன்த்தா இப்பிடிச் செஞ்ச? நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் யாரு வீட்டு வாசல்ல போயி மல்லிகா செத்துப் போச்சுன்னு சொல்றது?"

அழுதேன். எண்பது நாளில் அப்போதுதான் அழுதேன். அண்ணன் காதருக்குப் போன் செய்தார். லாரி உத்தமபாளையத்தில் நின்றிருந்தது. அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழுன்னா என்னண்ணே?" என்று கேட்டார். அண்ணன், "பாதி தொட்டி காலின்னு வச்சுக்க. இங்கன பாக்க வேணாம், தேனிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தம் ஏத்துற எடமாப் பாத்துப் போ" என்றார்.

தேனிக்கு ஒரு மணி நேரத்தில் போயிருக்க வேண்டும். வீரபாண்டியில் திருவிழா. ரோடு முழுக்கக் கூட்டம். தீச்சட்டி ஏந்திய பெண்கள், மொட்டை போட்ட பிள்ளைகள், ராட்டினத்தின் பாட்டு. லாரி நகரவில்லை. வண்டியில் கிடந்த வேட்டியை மடித்து என் அடியில் போட்டிருந்தார் காதர். அது நனைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரரிடம், "ஐயா, வண்டியில ஆளுக்கு முடியல" என்றார். அந்தப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, விசில் ஊதிக்கொண்டே முன்னால் ஓடி எங்களுக்கு வழி எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி.

ஒரு பெண் டாக்டர் குனிந்து, "கடைசியா எப்ப மாதவிலக்கு வந்துச்சு?" என்று கேட்டார். கடைசி என்று ஒன்று இருந்தால்தானே. "நிக்கவே இல்ல மேடம்" என்றேன். காதர் ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையை நீட்டினார். வீட்டில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை, லேபுக்கு வரும் வழியில் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார். எனக்கே தெரியாது.

முதல் பரிசோதனையே கர்ப்பமா என்று பார்ப்பதுதான். ஊசி போட்டிருக்கிறேனே என்றேன். போட்டிருந்தாலும் ரத்தம் போனால் அதை முதலில் பார்த்துத்தான் ஆக வேண்டுமாம். சில நேரம் குழாயில் கரு தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் பார்க்கிற பட்டையில் கோடு விழுகிற மூன்று நிமிடத்தை நான் எத்தனையோ பெண்களுக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எண்ண முடியவில்லை. ஒரு கோடுதான். கர்ப்பம் இல்லை. அடுத்து ரத்தம் உறைகிறதா என்று ஒரு டியூப், தைராய்டுக்கு ஒன்று, ரத்த வகைக்கு ஒன்று. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இது ஏழுக்குக் கீழே. ஏழுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவார்கள்.

மறுநாள் காலை ஸ்கேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும் என்று ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர். சிறுநீரை அடக்க வேண்டும், ரத்தத்தை அடக்க முடியாது. எழுந்தால் நாற்காலியில் என்ன இருக்குமோ என்று எழாமலே இருந்தேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த லூர்து அக்காவும் வரிசையில் இருந்தார். கெங்குவார்பட்டிக்காரர். நாற்பத்தைந்து வயது. கர்ப்பப்பையில் கட்டி, எடுக்கப் போகிறார்கள்.

"எனக்கும் இப்பிடித்தான் தங்கச்சி ஆரம்பிச்சுச்சு. சொட்டுச் சொட்டா. வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு உள்ளே இருந்த கொஞ்சத் தைரியமும் போனது. ஸ்கேன் மேஜையில் படுத்தபோது அந்த டாக்டரின் முகத்தையே பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார், ஒரு இடத்தில் நிறுத்தினார், அளந்தார், இன்னொரு முறை அளந்தார். ஏன் இரண்டு முறை? நானும் சந்தேகம் வந்தால்தானே இரண்டு முறை ஓட்டுவேன். "ரிப்போர்ட் வார்டுக்கு வரும்" என்றார்.

அது வரும் வரை இரண்டு மணி நேரம். காதர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

டாக்டர் வந்து, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "கட்டி ஒண்ணும் இல்ல. கர்ப்பப்பைக்கு உள்ள ஒரு சவ்வு இருக்கும். மாசாமாசம் அது தடிச்சு, உதிர்ந்து விழுறதுதான் மாதவிலக்கு. இந்த ஊசி அந்தச் சவ்வத் தடிக்க விடாது. மெலிசாக்கிரும். ஒங்களுக்கு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கு. மெலிஞ்ச சவ்வுல இருக்குற ரத்தக்குழாய்க்குத் தாங்குற சக்தி இல்ல, அங்கங்க ஒடஞ்சு கசியுது. நெறையப் பேருக்குக் கொஞ்சமாக் கசிஞ்சு தானா நின்னுரும். உங்கள மாதிரி இவ்வளவு போறது அபூர்வம். எட்டு நாள்ல வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருப்போம்."

"உள்ள வேற எதுவும் இல்லையே மேடம்?"

"கர்ப்பப்பை வாயில லேசா செவந்திருக்கு. ரத்தம் கொறஞ்சதும் அங்க தேச்சு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புறேன். எல்லாருக்கும் எடுக்குறதுதான்."

எல்லாருக்கும் எடுப்பதுதான். நானும் அப்படித்தான் சொல்லுவேன்.

அன்று மாலை ரத்தம் ஏற்றினார்கள். அதற்குப் பதிலாக ரத்த வங்கிக்குக் காதர் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார். ஊசி என்றால் நடுங்குகிறவர். ஆயிஷாவுக்குத் தடுப்பூசி போடும்போதுகூட வெளியே போய் நின்றுவிடுவார். கொடுத்துவிட்டு வந்து, "ஒண்ணுமே தெரியல புள்ள" என்றார். உதடு வெளுத்திருந்தது. பையைக் கொண்டுவந்து மாட்டப்போன நர்ஸிடம், "அக்கா, பையில நம்பரும் குரூப்பும் ஒருக்கா வாசிங்க" என்றேன். தவறான ரத்தம் ஏறினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். "நாங்க பாக்காமலா மாட்டுவோம்?" என்று அவர் முகம் சுளித்தார். நான் லேபில் வேலை பார்ப்பதைக் காதர் சொன்னதும், சத்தமாக ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பிறகு கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் நாடியும் பார்த்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். குளிர் நடுக்கம் வருகிறதா, முதுகு வலிக்கிறதா என்று நான் என்னையே வேவு பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யாருடைய ரத்தமோ சொட்டுச் சொட்டாக உள்ளே வந்தது. என்னுடையது இன்னும் போய்க்கொண்டிருந்தது.

ரத்தக்கசிவை நிறுத்த ஒரு மருந்து டிரிப்பிலும், பிறகு மாத்திரையாகவும் ஐந்து நாள். அதனுடன் வலி மாத்திரை வகையில் ஒன்று. அதுவும் ரத்தப்போக்கைக் குறைக்குமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்புச்சத்து டிரிப். கறுத்த கஷாயம் போல இருக்கும் அது ஏறும்போது வாயில் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி.

இரண்டாம் நாள் மத்தியானம் மாமி வந்தார். காதர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் மாறி வந்திருந்தார். பையைத் திறந்து தூக்குச்சட்டியை எடுத்தார். சுவரொட்டி வறுவல். ஆட்டு மண்ணீரலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ரத்தம் ஊற அதைத்தான் கொடுப்பார்கள். தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தின்று முடிக்கும் வரை நின்றார். சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அப்படியே. கம்பத்திலிருந்து தேனி வந்து, பேசாமல் ஊட்டிவிட்டுத் திரும்பிப் போனார். லூர்து அக்கா, "ஒங்க மாமியாரு ஊமையா?" என்று கேட்டார்.

நான்காம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. "மாமி, திட்டவாவது செய்யுங்க" என்றேன்.

முந்தானையால் சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீ தொழாம இருந்தத நான் பாத்தேன். வர்றதும் நிக்கிறதுமா இருந்ததையும் பாத்தேன். கரு ஒண்ணு தங்கித் தங்கிக் கலையுதுன்னு நெனச்சேன். சொல்ல மனசில்லாம மறைக்கிறன்னு நெனச்சேன். அது நெலச்சு நிக்கணும்னு நோம்பு பூராம் துவா கேட்டேன்த்தா. ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் கேட்டேன்."

மாமி மூடியைச் சட்டியின் மேல் வைத்து அழுத்தி மூடினார்.

"நீ ஊசி போட்டது எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. அது ஒங்க ரெண்டு பேரு பாடு. ஆனா ஒரே சோத்துப் பானையில தின்னுக்கிட்டு, ஒடம்புல இருக்குற ரத்தமெல்லாம் போற வரைக்கும் எங்கிட்டச் சொல்லலையே. நான் அம்புட்டுப் பொல்லாதவளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கக் காத்திருக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

அதே நாளில் ரத்தம் குறைந்தது. அன்று கர்ப்பப்பை வாயில் தேய்த்து எடுத்தார்கள். சின்ன மரக்கரண்டி போன்ற ஒன்றால் மேலாகத் தேய்த்து, வந்ததைக் கண்ணாடித் துண்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஆறாம் நாள் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். லூர்து அக்காவுக்கு மறுநாள் ஆபரேஷன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு தங்கச்சி" என்றார். ஆறு நாளும் என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தவர் தனக்குப் பயம் என்று சொன்னது அப்போதுதான். அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். நல்லபடியாக முடிந்து வீட்டில் இருக்கிறார், வாரத்துக்கு ஒருமுறை பேசுவோம்.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் மறுபடி பட்டது. கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை மறைக்கவில்லை. அங்கிருந்தே "மாமி" என்று கத்தினேன். தேனிக்குப் போனோம். ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, பிரஷர் உண்டா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்ற பிறகு, இருபத்தொரு நாளைக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். உதிர்ந்துபோன சவ்வை அது கொஞ்சம் கட்டிக்கொடுக்குமாம். முன்பு கொடுத்த ரத்தக்கசிவு மருந்தும் இதுவும் ஒன்றாகக் கூடாது, அதனால்தான் அது முடிந்த பிறகு இது என்றார். நான்காவது மாத்திரையில் நின்றது. நின்ற முதல் நாள் நம்பவில்லை. இரண்டாம் நாளும் நம்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

தேய்த்து எடுத்ததன் முடிவு இரண்டு வாரம் கடந்தும் வரவில்லை. தாமதமானால் கெட்ட சேதி என்று இல்லை, மாதிரிகள் குவிந்துகிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை. பதினேழாம் நாள் காதர் போய் வாங்கி வந்தார். உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்தார், பிரிக்கத் தைரியம் இல்லை என்றார். நானே பிரித்தேன். சாதாரண அழற்சி, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஊசிக்கான தேதி இதற்குள் தாண்டிப்போயிருந்தது. நான்கு வாரம் வரை தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நான்கு வாரம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சுகாதார நிலையத்துக்குப் போனோம். நானும் வருவேன் என்று மாமி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

நர்ஸ் என் தாள்களை எல்லாம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எட்டு நாளுன்னு சொன்னேனேம்மா" என்றார். பிறகு, "ரெண்டாவது ஊசியில முக்காவாசிப் பேருக்குப் படுறது கொறஞ்சுரும். போடணும்னா போடலாம். வேணாம்னா வேற வழி இருக்கு. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அவர் கேட்டார். மறுபடியும் இப்படிப் போகாது என்று எழுதித் தருவீர்களா? காப்பர் டி வைத்தால் இன்னும் அதிகமாகப் போகுமா? ரத்தம் இல்லாத பிள்ளைக்கு அதை வைக்கலாமா? நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுதித் தர முடியாது என்றும் சொன்னார்.

"எனக்கு வேணாம்க்கா" என்றேன். "ஊசி கெட்டதுன்னு சொல்லல. எனக்குத் தைரியம் இல்ல."

கதவோரம் நின்றிருந்த காதர் உள்ளே வந்தார். அந்த அறையில் அவரைத் தவிர எல்லாரும் பெண்கள். கழுத்து வரை சிவந்திருந்தது. "அவளுக்கு ஒண்ணும் வேணாம். ஆம்பளைங்களுக்கு உள்ளதக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மாமி சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். நர்ஸ் அலமாரியிலிருந்து ஆணுறைப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, எப்படி, எதில் கவனம் என்று அவரிடமே சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். சந்தேகம் வந்தால் உடனே வர வேண்டும் என்றபோது, "எட்டு நாளெல்லாம் பாக்க மாட்டோம், அன்னைக்கே வந்துருவோம்" என்றார்.

திரும்பி வரும்போது லாரியின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். சின்னவள் மாமியின் மடியில் தூங்கினாள். மாமியும் கண்ணை மூடியிருந்தார். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டியதும் காதர் மெதுவாகக் கேட்டார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம். மாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"எனக்குந்தான். ரோட்டப் பாத்து ஓட்டு."